வைகையைப் பாழாக்குவோருக்குச் சிறை: சட்டத்தில் இடம் இருக்கிறதா?

செல்லூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பந்தல்குடி வாய்க்கால் வைகையில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வீட்டுச் சாக்கடை ஒருபுறம் இருக்க, இரவில் லாரிகளில் கொண்டுவந்து ஆற்றில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள். பிடிபட்டாலும் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் வருகிறார்கள். சூழலுக்குப் பேரழிவு விளைவிப்பதை இனப்படுகொலைக்கு இணையான குற்றமாக்க வேண்டும் என்று வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய தீவு நாடுகள் 2024 செப்டம்பரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளிடம் முன்மொழிந்தன. ஆற்றுக்கும் கடலுக்கும் அப்படி ஒரு காப்பு நம் சட்டத்தில் உண்டா?

மதுரைக் கிளை வழக்கறிஞர்:
அந்த நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை என்பதால் அந்த முன்மொழிவு நிறைவேறினாலும் நமக்கு நேரடியாக உதவாது. ஆனால் சிறைத்தண்டனை நமக்குப் புதிதன்று. மாசுபடுத்தும் பொருளை அறிந்தே நீர்நிலையில் விடுவதை 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று 43ஆம் பிரிவு சொன்னது. 2024இல் வந்த திருத்தம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை செலுத்தும் தண்டத்தொகையாக மாற்றியது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், சட்டமன்றம் தீர்மானம் இயற்றி ஏற்றுக்கொள்ளும் மாநிலங்களுக்கே அது பொருந்தும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த ஐந்தாண்டுச் சிறையும் பல சட்டங்களின் தண்டனைகளைத் தளர்த்திய 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் இதேபோல் தண்டத்தொகையாகிவிட்டது. அதே 2024இல் பெல்ஜியம் சூழல் அழிப்பைத் தன் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் என்பது கணக்கில் எழுதிவிட்டுப் போகும் இன்னொரு செலவு. முடிவெடுத்த மனிதர் நேரில் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம்தான் குழாயை மூட வைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மானாமதுரை விவசாயி:
வழக்கறிஞர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நகருக்குள் கலக்கும் சாக்கடை விரகனூர் மதகணையைத் தாண்டி எங்கள் கண்மாய்களுக்கும் வருகிறது. ஒருவரைச் சிறையில் அடைப்பதால் அந்தத் தண்ணீர் தெளிந்துவிடாது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லியும், 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. லாரிக்காரரைப் பிடிப்பது எளிது. சுத்திகரிக்காத சாக்கடையை ஆண்டுக்கணக்கில் ஆற்றில் விடும் அமைப்பில் யாரைப் பிடிப்பது? அரசுத் துறை தவறு செய்தால் அதன் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்று நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 48ஆம் பிரிவு முன்பு சொன்னது. 2024 திருத்தத்தில் அவருக்கான தண்டனை அவருடைய ஒரு மாத அடிப்படைச் சம்பளமாகச் சுருங்கியிருப்பதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

ராமேசுவரம் கரையோரம்:
கடலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. கேரளக் காவல்துறை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் குற்ற வழக்கே பதிந்தது. அந்தச் சட்டத்தின் 279ஆம் பிரிவு நீரைக் கெடுப்போருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் அதில் பொது ஊற்றும் நீர்த்தேக்கமும்தான் பேசப்படுகின்றன, கடல் இல்லை.

மதுரைக் கிளை வழக்கறிஞர்:
செல்லூர் நண்பருக்கு ஒன்று. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் தொடுக்கலாம். வாரியத்திடம் உள்ள தொடர்புடைய அறிக்கைகளையும் கேட்டுப் பெறலாம். ஆனால் நீங்களே பாட்டிலில் பிடித்துவைக்கும் தண்ணீரை நம்பி வழக்குப் போடாதீர்கள். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின் முறைப்படி, இடத்துக்குரியவருக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு வாரியம் எடுத்தால்தான் அதன் ஆய்வு முடிவு சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே வாரியத்துக்குத் தரும் முதல் மனுவிலேயே வாய்க்கால் சேரும் இடத்தையும் லாரி வரும் நேரத்தையும் குறிப்பிட்டு, மாதிரி எடுக்கக் கோருங்கள்.