போஞ்சிப் பாத்தியில் கல்லறை: உழுவதா, நிறுத்துவதா?

உக்குவெளையான்:
மாத்தளைப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒருவர் போஞ்சி போட உழவு இயந்திரம் விட்டிருக்கிறார், கலப்பை ஒரு பலகைக்கல்லில் மாட்டிக்கொண்டது. புரட்டிப் பார்த்தால் நாலு பக்கமும் கல் நிறுத்திய பெட்டி, உள்ளே கறுப்பு சிவப்புச் சட்டி உடைசல், கொஞ்சம் எலும்பு. மேட்டில் இன்னும் கற்கள் தலை நீட்டுகின்றன. தொல்பொருள் திணைக்களம் அளந்து முடிக்கும்வரை உழவை நிறுத்த வேண்டும் என்கிறேன்.

மம்பட்டி:
சொல்வது சுலபம் தம்பி. அவரிடம் காணி உறுதி இருக்கிறதா? விதையும் உரமும் கடனில் வாங்கியவர், ஒரு கயிறு கட்டிவிட்டுப் போனால் இந்தப் போகம் போச்சு. நஷ்டத்தை எலும்பா தரும்?

உக்குவெளையான்:
அண்ணே, இதே மாவட்டத்தில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் இப்பன்கட்டுவவை நினைத்துப் பாருங்கள். கி.மு. 700–400 காலத்துக் கல்லறைகள், 1980களில் தோண்டியபோது தாழிகளும் சூதுபவள மணிகளும் வந்தன, மணிகள் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். அங்கேயும் யாராவது போஞ்சி போட்டிருந்தால்? போதாததற்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி கண்டெடுத்தவர் அறிவித்தே ஆக வேண்டும்.

மேட்டுலயம்:
இரண்டு பேருமே அளவை என்றதும் தோண்டுவதாக நினைக்கிறீர்கள். முதலில் கயிற்றால் கட்டம் பிரித்து, வரிசையாக நடந்து, சட்டி ஓடு எங்கே நெருக்கமாகக் கிடக்கிறது என்று குறிப்பார்கள், அவ்வளவுதான். உழுத நிலம் அதற்கு வசதி, ஒரு மழை பெய்தால் ஓடுகள் கழுவிப் பளிச்சென்று தெரியும். ஆனால் நம்ம சரிவில் மண்ணோடு சேர்ந்து சட்டி ஓடுகளும் கீழே இறங்கிவிடும், கீழ்ப் பாத்தியில் அள்ளியதை வைத்து அங்கேதான் புதைத்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது. இப்போது கெடுதல் எங்கே என்றால், ஆழமாக இறங்கும் கலப்பை மூடுகல்லை அசைத்துவிடுவதில்தான்.

மம்பட்டி:
சரி, இன்னொன்று கேட்கிறேன். அந்தச் சட்டத்தில் தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தியது. வெள்ளைக்காரரின் கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வேலைக்கு நடந்தே வந்து, வழியில் வாந்திபேதியில் விழுந்த நம் ஆட்கள் அதற்குப் பிந்தியவர்கள். அவர்களைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டபோது எந்தத் திணைக்களம் கயிறு கட்டியது?

உக்குவெளையான்:
கட்டவில்லை, அது அநியாயம்தான். அதற்காக இதையும் உழுதுவிட்டால் கணக்குச் சரியாகிவிடுமா?

மம்பட்டி:
உழச் சொல்லவில்லை. கல் தெரியும் மேட்டை விடட்டும், கீழே இரண்டு பாத்தி மட்டும் மேலாகக் கொத்தட்டும். எவ்வளவு காலம் நிறுத்த வேண்டும், பயிருக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கிராம சேவகரை மேட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

மேட்டுலயம்:
எழுத்து வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே சொல்லிவிட்டு அப்புறம் எழுத்தைக் கேளுங்கள். அதோடு, எடுத்த சட்டியை வேலியோரம் குவித்திருந்தால் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று குச்சி நட்டு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், படமும் எடுக்கட்டும்.