செம்பனைக்குள் மறைந்த லயங்களுக்கு வரைபடம் போட வழி சொல்லுங்கள்

மேட்டுலயத்துப் பெண்:
வணக்கம். நான் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. 2007ல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, ஆனால் அம்மாவுக்கு இன்னும் பத்தாங்தான். எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஐந்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்தது. இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அடுத்த திருவிழாவுக்குள், 1970களில் தோட்டம் இருந்தபடி ஒரு படம் வரைந்து கோயில் மண்டபத்தில் மாட்ட ஆசை. பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குழாயடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கம் என்கிறார் அம்மா. இல்லவே இல்லை, மூன்றாவது லயத்துக்குப் பின்னால் என்கிறார் பெரியப்பா. வாக்குவாதமே வந்துவிட்டது. யாராவது இப்படி வரைந்திருக்கிறீர்களா?

பால்காட்டு அக்கா:
தங்கச்சி, நான் 26 வருசம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவள். "லயம் எங்கே இருந்துச்சு"ன்னு கேட்டால் எனக்கே குழம்பும். "காலையில எந்த வழியா போனீங்க"ன்னு கேட்டுப் பாருங்க.

நாலரைக்கு எழுந்திருப்போம். பிள்ளையைத் தூக்கத்தோடு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவோம். தண்டல், அதாவது மேற்பார்வை பார்க்கிறவர், பேர் கூப்பிடுவார். மரப்பட்டை நனைஞ்சிருந்தால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் போச்சு. வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிச்சால்தான் பால் நல்லா இறங்கும். எனக்குக் கொடுத்த நிரையில் (மர வரிசையில்) 450 மரத்துக்கு மேல். போன வெட்டில் கோட்டில் காய்ஞ்சு கிடக்கும் ஒட்டுப்பாலை உரிச்சுப் பையில் போட்டுட்டுத்தான் கத்தியை வைப்போம். பிறகு மரத்தில் வைச்ச மங்கு மங்காகப் (கிண்ணம் கிண்ணமாகப்) பாலை வாளியில் ஊத்தி, காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கிட்டு, பால் சேர்க்கும் ஸ்டோருக்கு. அங்கே கிராணி (கணக்கர்) நிறுத்து எழுதுவார். திரும்பி வரும்போது பிள்ளை, அப்புறம் குழாயடி.

இந்த வரிசையிலேயே அம்மாவைத் தனியா, பெரியப்பாவைத் தனியா சொல்லச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வைக்காதீங்க.

ஓய்வு வாத்தியார்:
அக்கா சொன்னதே முதல் வேலை. அதோடு, தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எங்காவது இருந்தால் பாருங்கள். பிள்ளை பெயருக்கு எதிரே பெற்றோர் பெயரும் இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னது. லயத்தை ஒட்டியே பள்ளி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குலம்–ஒரு மைல் வரைபடம் கிடைத்தால் ஆறும் சாலையும் சரியாக அமையும். குழாயடியை அதில் தேடாதீர்கள்.

படத்தில் வருசத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917லேயே வணிகத்துக்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள், நாட்டிலேயே முதல் தடவையாக. உங்கள் தோட்டத்தில் ரப்பர் போனது வெகுகாலம் கழித்து. எந்த ரப்பர் காடு எப்போது செம்பனையாக மாறியது என்பதையும் குறித்தால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

மேட்டுலயத்துப் பெண்:
அக்கா, ஐயா, ரொம்ப நன்றி. நேற்று தனித்தனியாகக் கேட்டேன். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையிலிருந்து குழாயடிக்கு வந்தவர். பெரியப்பா அப்போது ஸ்டோரில் வேலை. மூன்றாவது லயத்தின் பின்பக்கச் சந்து வழியாக வந்தவர். இரண்டு வழியையும் தாளில் கோடாகப் போட்டேன். ஒரே இடத்தில் முட்டின.

அந்த லயத்தின் பதினொரு வாசலையும் அம்மா வரிசையாகப் பெயரோடு சொன்னார். ஏழாவது வாசல் மட்டும் ஞாபகம் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் என் அறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.