ஒரு செகண்டு ஷட்டர் மூன்று செகண்டு ஓடுகிறது: 120 ஃபிலிம் கேமராவுக்கு உதவி தேவை

பன்னிரண்டு ஃபிரேம்:
வணக்கம். மாமா வைத்திருந்த இரட்டை லென்ஸ் கேமரா போன மாதம் என் கைக்கு வந்தது. 6×6 செ.மீ. அளவு படம், 120 என்ற அகலமான ரோல் ஃபிலிம். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் (மெல்லிய பிளேடுகள் திறந்து மூடி வெளிச்சத்தை உள்ளே விடும் அமைப்பு), 1 செகண்டு முதல் 1/500 செகண்டு வரை. இருபது வருடமாவது பீரோவில் கிடந்திருக்கும்.

முதல் ரோலில், வெயிலில் 1/250ல் எடுத்த படங்கள் அருமையாக வந்தன. வீட்டுக்குள் 1/4, 1/8ல் எடுத்ததெல்லாம் நெகட்டிவில் ஒரே கறுப்பு, அதாவது வெளிச்சம் அதிகமாகிவிட்டது. 1 செகண்டில் வைத்து முன்னாலிருந்து பார்த்தேன். பிளேடுகள் திறக்கின்றன, ‘ர்ர்ர்’ என்ற சத்தம் நடுவில் தொய்கிறது, அப்புறம்தான் மூடுகின்றன. ஒரு தடவை மூடவே இல்லை; லிவரை விரலால் தொட்டதும் பட்டென்று மூடிக்கொண்டது.

துரு நீக்கும் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறது. லேசாக அடித்துப் பார்க்கலாமா? மாமாவின் பொருள், கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கரும்பெட்டி:
தம்பி, ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். அந்த எண்ணெய் பிளேடுகளுக்கு இடையில் பரவினால், ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் போல அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது நன்றாக இருக்கும் 1/250கூடப் போய்விடும். பிளேடுகள் உலர்ந்தே ஓட வேண்டியவை.

வேகமானவை சரி, மெதுவானவை மட்டும் தப்பு என்று நீங்கள் எழுதியதே பாதி பதில். ஷட்டருக்குள் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு குட்டிப் பல்சக்கரத் தொகுதி உண்டு. பிளேடுகள் மூடுவதைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. ‘ர்ர்ர்’ சத்தமும் அதனுடையதுதான். 1/500ல் அதற்கு வேலையே இல்லை. மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ பிளேடில் எண்ணெய் ஏறியிருந்தாலோ எல்லா வேகமும் கெட்டிருக்கும். உங்களுடையதில் சக்கரங்களின் அச்சில் போட்ட பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். 1 செகண்டில் வைத்து ஷட்டரைத் தொடர்ந்து பத்து தடவை அடித்து, போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தில் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் இரண்டு முள்ளாகத் தெரியும். இடைவெளிதான் உங்கள் வேகம். அடிக்க அடிக்க நேரம் குறைந்தால் பிசின்தான். குறையாமல் ஒரே இடத்தில் திக்கினால் பல்லில் தூசியோ தேய்மானமோ இருக்கலாம்.

இன்னொன்று: செல்ஃப் டைமரை இழுத்துப் பார்க்காதீர்கள். பழைய ஷட்டர்களில் பாதி வழியில் அது நின்றுவிட்டால் ஷட்டர் மொத்தமும் சிக்கிக்கொள்ளும்.

வெள்ளித்திரள்:
சத்தத்தை வைத்து அளப்பது 1/30 வரைக்கும் நம்பலாம். அதற்கு மேல் இரண்டு முள்ளும் ஒன்றாகிவிடும். போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் இருந்தால், கேமராவின் பின்கதவைத் திறந்து ஜன்னலைப் பார்க்க வைத்து, லென்ஸ் வழியே வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/15க்கு 16, 1/60க்கு 4. 1/500க்கு ஒளி உணரி வைத்த கருவிதான் வேண்டும். இந்த வயது ஷட்டரில் 1/500 என்பது 1/350 ஆக ஓடினால் நான் கையே வைக்க மாட்டேன். அது அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது), நெகட்டிவ் ஃபிலிம் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வருவது) போடுவதாக இருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

திரை ஓடும் ஃபோக்கல் பிளேன் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் கோளாறு வேறு மாதிரி தெரியும். இரண்டு திரையும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால், படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருண்டிருக்கும்.

பன்னிரண்டு ஃபிரேம்:
அளந்துவிட்டேன். முதல் அடி 3.1 செகண்டு, ஐந்தாவது 1.9, பத்தாவது 1.4. காலையில் எடுத்துப் பார்த்தால் மறுபடியும் 3க்கு மேல். 1/60 பக்கம் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் பிசின்தானே அண்ணா?

கரும்பெட்டி:
பிசினேதான். ராத்திரி குளிரில் இன்னும் இறுகியிருக்கும்.

முன் லென்ஸ் தொகுதியைக் கழற்றி, மேல் வளையத்தையும் வேகத் தகட்டையும் எடுத்தால் பல்சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் போட்டோ எடுங்கள். குறிப்பாக வளையம் எந்த இடத்தில் பூட்டியிருந்தது என்று ஊசியால் சின்னக் கோடு போடுங்கள். லைட்டர் ஃப்ளூயிடை மெல்லிய தூரிகையின் நுனியில் தொட்டு, அச்சுகளில் மட்டும் வையுங்கள். ஊற்றாதீர்கள், கரைந்த பிசின் வழிந்து பிளேடுக்குப் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். நன்றாக உலரவிட்டு இருபது முப்பது தடவை அடியுங்கள். இதை இரண்டு மூன்று சுற்று செய்ய வேண்டிவரும். சத்தம் சீரானதும், ஊசிமுனையில் தொட்ட கடிகார எண்ணெய் அச்சுக்கு ஒரு புள்ளி போதும். ஸ்குரூ நகர மறுத்தால் நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பன்னிரண்டு ஃபிரேம்:
மூன்று சுற்று ஆயிற்று. முதல் சுற்றில் தூரிகை நுனி தேன் நிறத்துக்கு மாறியது. மூன்றாவதில் சுத்தமாக வந்தது. இரவு முழுக்க வைத்துவிட்டு இன்று காலை முதல் அடியே 1.1 செகண்டு. ‘ர்ர்ர்’ கடைசி வரை ஒரே சுருதியில் ஓடுகிறது. மாமாவிடம் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். இன்னொரு தடவை அடி என்றார்.