உதிரிச் சர்க்கரை: ‘ஃப்ரீ ஷுகர்ஸ்’ தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

உணவில் நாம் சேர்க்கிற சர்க்கரையையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையையும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஷுகர்ஸ்’ என்கிறார்கள். அதற்கு இந்தக் கலைச்சொல் இழையில் இதுவரை வந்த சொற்கள்: கட்டற்ற சர்க்கரை, தனிச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை. மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்துக்கு முன்னால், இந்தச் சொல் எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

பல் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவருக்காக, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் அம்மாக்களிடம் கேட்கும் வினாத்தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவை மென்பொருள் மொழிபெயர்த்திருந்தது: “உங்கள் குழந்தை நேற்று உட்கொண்ட இலவச சர்க்கரை எவ்வளவு?” தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் ஓர் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். “ரேஷன்ல அரிசிதாங்க இலவசம், சர்க்கரைக்குக் காசு வாங்குறாங்களே” என்றார்.

சரி என்று மாற்றிக் கேட்டேன். பிள்ளைக்குச் சர்க்கரை கொடுப்பீங்களா? “அஸ்காவே வீட்ல வாங்கறதில்லீங்க.” ‘இல்லை’ என்று குறித்துவிட்டு நிமிர்ந்தால், பிள்ளை கையில் ராகிக் கஞ்சி டம்ளர். அடியில் கரையாத வெல்லத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. நம் பக்கம் சர்க்கரை என்றால் அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை. வெல்லம் வேறு, நாட்டுச் சர்க்கரை வேறு. தாத்தாவுக்கு இருப்பதும் சர்க்கரைதான். (சர்க்கரைப் பொங்கலில் மட்டும் வெல்லம் எப்படியோ சர்க்கரையாகிவிடுகிறது.)

ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு அஸ்கா, வெல்லம் என்ற பேதம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதலும் அப்படித்தான் பார்க்கிறது. தயாரிப்பவரோ சமைப்பவரோ உண்பவரோ சேர்க்கிற சர்க்கரை, அதோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரை, எல்லாம் ஒரே கணக்கு. முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இருப்பதும் அதில் வராது. இந்தக் கணக்கு அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். குழந்தைக்கு நாளுக்கு 1000 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டால் 10 சதவீதம் என்பது 25 கிராம், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. காலையில் டீயில் தோய்த்த பிஸ்கட், கஞ்சியில் வெல்லம், ராத்திரி பால்புட்டியில் அஸ்கா என்று போனால் ஆறு கரண்டி எங்கே போயிற்று என்றே தெரியாது.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘சேர்த்த சர்க்கரை’ தேனிடம் தோற்கிறது. தேனில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. ‘தனிச் சர்க்கரை’ எதிலிருந்து தனி என்று சொல்லவில்லை. ‘கட்டற்ற’ என்பது கட்டற்ற மென்பொருளால் (‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’) பழகிய சொல், முன்மொழிந்தவரின் எண்ணம் புரிகிறது. ஆனால் கட்டற்ற சர்க்கரை என்று தலைப்புப் போட்டால், சர்க்கரை நோய் கட்டுக்குள் வராதவர்களைப் பற்றிய கட்டுரை என்றுதான் படிப்பார்கள்.

பிரிட்டனில் 1989இல் ஒரு நிபுணர் குழு வேறு வழியில் போயிற்று. பழத்தின் செல்சுவருக்குள் இருப்பது அகச்சர்க்கரை, வெளியே இருப்பது புறச்சர்க்கரை. அகம், புறம் என்றதும் நமக்கு வாய் இனிக்கும். ஆனால் பால் சர்க்கரை புறத்தில் போய் விழுகிறதே என்று, ‘பால் அல்லாத புறச்சர்க்கரை’ என்று அவர்கள் நீட்டவேண்டியதாயிற்று. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

என் முன்மொழிவு: உதிரிச் சர்க்கரை. தர்மபுரியில் சாமந்தியை உதிரியாக நிறுத்தும் வாங்கலாம், கட்டிய சரமாகவும் வாங்கலாம். பூ ஒன்றுதான், நாரில் கட்டுண்டதா இல்லையா என்பதுதான் பேச்சு. பழத்துக்குள் இருப்பது கட்டிய பூ. சாற்றில் மிதப்பது உதிரி.

பல் சொத்தைக்குச் சர்க்கரையின் அளவைவிட, எத்தனை தடவை தின்கிறோம் என்பதே முக்கியம் என்று இந்த இழையில் முன்பு ஒருவர் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்வீடனில் விப்பேஹோம் என்ற மருத்துவமனையில் 1940களில் தொடங்கிய ஆய்வு அதைத்தான் காட்டியது: சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை, இடைவேளையில் தின்ற ஒட்டும் மிட்டாயால் எகிறியது. (மனநலக் குறைபாடு உள்ளவர்கள்மீது நடத்தியது, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.) அதனால் தாளில் ‘எத்தனை கரண்டி’ பக்கத்திலேயே ‘எத்தனை தடவை’ என்றும் கேட்கிறேன். அதற்குத் தனிக் கலைச்சொல் வேண்டாம், ‘தடவை’ போதும். முந்தைய நாள் முழுக்கச் சாப்பிட்டதை நினைவுபடுத்திக் கேட்டு எழுதும் ‘24 மணிநேர உணவு நினைவுகூரலையும்’ ‘நேற்றுணவுக் கணக்கு’ என்று சுருக்கிவிட்டேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இங்கே பல்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே “எங்க ஊர்த் தண்ணி அப்படிங்க” என்று முடித்துவிடுகிறார்கள். தண்ணீரில் மிகுந்த ஃப்ளூரைடால் பல்லில் விழும் கறை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பழைய கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அந்தக் கறை பெரும்பாலும் விழுந்து முளைத்த பல்லில்தான் தெரியும். இரண்டு வயதுப் பால்பல்லில் முன்வரிசை கரைந்து போனால் பழி தண்ணீர்மேல் அல்ல, பால்புட்டிமேல். தாளில் கறைக்கும் சொத்தைக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்.

*

ஓசூரிலிருந்து மறுமொழி:

உதிரி நன்றாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். மளிகைக் கடையில் பாக்கெட் இல்லாமல் நிறுத்துத் தருவதுதான் உதிரிச் சர்க்கரை என்று நினைக்கமாட்டார்களா? பால் சர்க்கரையும் எதிலும் கட்டுண்டது இல்லையே, அதுவும் உதிரிதானே?

*

ஐயா, முதல் சந்தேகம் நியாயம். அதனால்தான் அம்மாக்களுக்கான தாளில் இந்தச் சொல்லே வராது. அங்கே அஸ்கா, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், ஜூஸ் என்று பெயர் சொல்லித்தான் கேட்போம். உதிரிச் சர்க்கரை களப்பணியாளர் கையேட்டுக்கும் அறிக்கைக்கும். பால் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, வரையறையில் ‘பால் நீங்கலாக’ என்று ஒரு வரி போட்டே ஆகவேண்டும். இதில் என் சொல்லும் அந்த 1989 சொல்லைவிட மேல் இல்லை.

ஆனால் கிருஷ்ணகிரியில் ஓர் இடத்தில் இது கைகொடுத்தது. மாம்பழக் கூழ் எந்தக் கட்டம் என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை கூழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, பிரிட்டனில் 2018இல் எழுதிய வரையறை கூழையும் சேர்க்கிறது. நான் கையேட்டைத் திறப்பதற்குள் ஒரு களப்பணியாளரே சொல்லிவிட்டார்: “அரைச்சாச்சுன்னா உதிர்ந்துடுச்சுல்ல சார்?” கூழை உதிரியில் போட்டோம். குழந்தை கடித்துத் தின்னும் மாம்பழத் துண்டை வெளியே விட்டோம்.