ஆட்களும் மாறுகிறார்கள், ஆட்ட முறையையும் மாற்றலாமா? ஊர்க் கால்பந்து அணி பற்றி ஒரு கேள்வி

கேள்வி (அணிப் பொறுப்பாளர்)

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூரை அடுத்த ஓர் ஊரின் கால்பந்து அணியை நடத்தி வருகிறேன். எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் வேலை செய்கிறார்கள். படகு ஏறினால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எல்லோரும் ஒன்றாகப் பயிற்சிக்கு வருகிறார்கள். அதுவோ தென்மேற்குப் பருவமழைக் காலம். மைதானம் சேறாகக் கிடக்கும்.

இதுவரை 4-4-2 முறையில் (பின்வரிசையில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர்), பின்னாலிருந்து நீளமாக அடித்து ஆடினோம். அந்தப் பந்துகளை அடித்துவந்த ஸ்டாப்பர் (பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர்) இப்போது வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். கல்லூரி அணிகளில் ஆடிய மூன்று இளைஞர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். 4-3-3 முறையில், கோல்கீப்பரிடமிருந்தே குறும் பாஸ்களாகப் பந்தை முன்னே கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். நடுக்களத்தில் ஆடும் எங்கள் கேப்டனோ அணியை நெடுங்காலம் சுமந்தவர். இப்போது பழைய வேகம் இல்லை. முறைக்கேற்ப ஆட்களைத் தேடுவதா, இருக்கிற ஆட்களுக்கேற்ப முறையை அமைப்பதா? கேப்டனிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்)

இரண்டையும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்டாப்பர் போன இடத்தில் புதியவர் ஒருவர் காலூன்ற வேண்டியிருக்கும்போது, அவருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களின் வேலையையும் சேர்த்து மாற்றினால், விழும் கோல் எதனால் விழுந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

4-3-3 தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் அது பின்வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடும் இரண்டு விங் பேக்குகளிடமும் தொண்ணூறு நிமிடமும் மேலும் கீழும் ஓடும் மூச்சைக் கேட்கிறது. நடுவில் பின்தங்கி நிற்கும் ஒற்றை ஆட்டக்காரரிடமோ, இருபுறமும் திறக்கும் இடைவெளியை முன்கூட்டியே கண்டு அடைக்கும் அறிவைக் கேட்கிறது. வாரக்கணக்கில் படகில் இருந்துவிட்டு வருபவரின் தோளில் வலு இருக்கும். திரும்பத் திரும்ப ஓடும் மூச்சு குறைந்திருக்கும். ஆகவே நான்கு நான்காக நிற்கும் இரண்டு வரிசைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள தூரம் விரியாமல் காப்பதை மட்டும் தடைக்காலம் முழுவதும் பழக்குங்கள். சேற்றிலும் அதைப் பழக்கலாம், குறும் பாஸைப் பழக்குவது கடினம்.

ஆளை இடம் மாற்றுவதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். ஸ்டாப்பராக ஆடிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்ட பிறகு, அவரை உட்கார வைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் ஜர்னைல் கோல் அடித்தார். அதே தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் கிடைத்தது. வலுவான, தலையால் முட்டத் தெரிந்த ஒருவர் எந்த இடத்தில் அதிகம் பயன்படுவார் என்று பார்த்தாரேயொழிய, அவருக்கு வழக்கமான இடம் எது என்று ரஹீம் பார்க்கவில்லை.

பதில் (வடசென்னை லீக் ஆட்டக்காரர்)

ஆசிரியர் ஐயா சொல்வதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். புதிதாக வந்த மூவரையும் பழைய முறைக்குள் அடக்கிவிட்டால் அடுத்த ஆண்டு அவர்கள் வேறு அணிக்குப் போய்விடுவார்கள். தடுக்கும்போது 4-4-2, பந்து நம்மிடம் வந்ததும் ஒரு ஃபார்வர்டு நடுக்களத்துக்கு இறங்குவது என்று இந்த ஒரு நகர்வை மட்டும் சேருங்கள். நடுவில் மூன்று பேர் கிடைப்பார்கள், பின்வரிசை குலையாது. 2019 முதல் கோல் கிக்கை (எதிரணி கோல் கோட்டைத் தாண்டி வெளியே அனுப்பிய பந்தை மீண்டும் ஆட்டத்துக்குக் கொண்டுவரும் உதையை) பெனால்ட்டி பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்பதால் குறும் பாஸில் தொடங்குவது எளிதாகியிருப்பது உண்மைதான். ஆனாலும் மைதானம் காய்ந்திருக்கும் நாளில், எதிரணி நெருக்காதபோது மட்டும் செய்யுங்கள்.

மேலும், ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள்: ஒருவர் கடலுக்குப் போகிறவர், மற்றவர் கரையில் இருப்பவர். படகு எப்போது திரும்பும் என்பதை நம்பி அணியை எழுதக் கூடாது. அடிமட்டக் கால்பந்தில், தேசியச் சங்கம் அனுமதித்தால், வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் களமிறங்கலாம் என்று ஆட்ட விதிகளில் இடம் இருக்கிறது. நீங்கள் கலந்துகொள்ளும் கோப்பையில் அது உண்டா என்று அமைப்பாளர்களிடம் முன்பே கேட்டு வையுங்கள். உங்களைப் போன்ற அணிக்கு அது பெரிய உதவி.

பதில் (முன்னாள் கேப்டன்)

கேப்டன் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அண்ணே, அணிப் பட்டியலை ஒட்டுகிற நாளில் அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். தடைக்காலம் தொடங்குமுன் தனியாக அழைத்து, எந்த ஆட்டங்களில் முதலில் இறங்குவார், எவற்றில் இரண்டாம் பாதியில் இறங்குவார் என்று நேராகச் சொல்லுங்கள். வேகம் குறைந்த நடுக்கள வீரருக்கு முன்னால் ஆட்டம் முழுவதும் தெரியும் இடம் கிடைத்தால் இன்னும் பல பருவங்கள் ஆட முடியும். காலியான ஸ்டாப்பர் இடத்தில், பக்கத்தில் வேகமான ஓர் இளைஞரை நிறுத்தி, கேப்டனை ஆடவைத்துப் பார்த்தீர்களா? பின்வரிசையை ஏற்றுவதும் இறக்குவதும் குரல் கொடுக்கும் ஒருவரின் வேலை. அந்தக் குரல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கேப்டனை ஸ்டாப்பராக்குவதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இந்த வாரமே அவரிடம் பேசுகிறேன். 4-4-2 தொடரும், ஃபார்வர்டு இறங்கும் நகர்வை மட்டும் சேர்க்கிறோம். இறங்கும் அந்த ஃபார்வர்டு புதியவர்களில் ஒருவராக இருக்கலாமா, பழையவரா?

பதில் (வடசென்னை லீக் ஆட்டக்காரர்)

புதியவரையே போடுங்கள். முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்தவர் யார் என்பதை மட்டும் பயிற்சியில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உயரமான ஃபார்வர்டு முன்னாலேயே நிற்கட்டும்.