கணினியிலிருந்து இசை கேட்பவர்களே, உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மாடியறை ரசிகன்:
கணினி, டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் யுஎஸ்பி டேக், ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். வீணைக் கச்சேரி, தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் பதிவு. ஆலாபனை மந்தரத்துக்கு இறங்கி, கடைசி மீட்டு தேய்ந்துகொண்டே போகிறது. காது கூர்மையாகிக் கிடந்த அந்த நொடியில் ‘டிங்!’ மின்னஞ்சல் வந்ததற்கான மணி, ஆம்ப்ளிஃபயரின் முழு பலத்தோடு. மாமனாரின் காபி வேட்டியில் சிந்தியது. “இதுவும் பக்கவாத்தியமா, மாப்பிள்ளை?” என்றார். இன்னும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது.

நாற்பத்துநான்குஒன்று:
மணியை அணைத்தால் தீர்ந்தது என்று யாராவது சொல்ல வருவார்கள்; தீராது. என் டேக்கின் முகப்பில் எந்தப் பாட்டுக்கும் 48 என்ற எண்ணே, அதாவது நொடிக்கு 48 ஆயிரம் ஒலி மாதிரிகள் என்ற வேகமே, எரிந்துகொண்டிருந்தது. சிடியிலிருந்து எடுத்ததோ 44.1 கிலோஹெர்ட்ஸ். விண்டோஸ் எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து, தன் அமைப்பில் உள்ள வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். ஃபூபார் என்ற இசைச் செயலியில், விண்டோஸின் கலவையைத் தாண்டிப் போகும் ‘வாசாபி எக்ஸ்க்ளூசிவ்’ வழியைத் தேர்ந்தெடுங்கள். டேக் அந்த ஒரு செயலியின் கைக்குப் போய்விடும். மணிக்கு உள்ளே இடமே இல்லை. இணையத்தில் பாட்டு தரும் டைடலின் செயலியிலும் இந்த வசதி உண்டு. மென்பொருளின் ஒலியளவை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள். ஈக்வலைசர் வேண்டவே வேண்டாம். மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் மியூசிக்கில் 24/192 (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) என்று பார்த்து மகிழ வேண்டாம். மேக்கிலேயே உள்ள ஆடியோ மிடி செட்டப் என்ற ஒலி அமைப்புச் செயலியில் போய் எண்ணை நீங்களே மாற்ற வேண்டியிருக்கும்.

தம்புரா:
மேலே உள்ளவருக்கு: 44.1, 48 வேறுபாட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், பேசலாம். எண்ணைப் பார்த்துப் பாட்டு கேட்பது ஒரு வியாதி. என் தொல்லை காதில் விழுகிற தொல்லை. மடிக்கணினியில் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ‘கிர்ர்’. நிறுத்தினால் நிற்கும். கடைக்காரர் விலையுயர்ந்த யுஎஸ்பி கேபிளைத் தலையில் கட்டினார். அதே கிர்ர், இன்னும் தெளிவாக! ஒரு மாலை மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸில் ஆம்ப்ளிஃபயர், பேட்டரியில் மடிக்கணினி. மவுஸை எப்படி இழுத்தாலும் மௌனம். சார்ஜர்தான் குற்றவாளி.

பழைய வால்வு:
எர்த் லூப். இரண்டு கருவிகளின் எர்த் கம்பிகளும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் இரைச்சல் ஓடுகிறது. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுங்கள், சத்தம் போய்விடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நாற்பத்துநான்குஒன்று:
ஐயா, தயவுசெய்து இதையெல்லாம் எழுதாதீர்கள். எர்த் உயிரைக் காக்க இருப்பது. தம்புரா, கணினிக்கும் டேக்குக்கும் நடுவே ஆப்டிகல் இணைப்பு கிடைக்குமா பாருங்கள். அதில் போவது ஒளி. கம்பித் தொடர்பே இல்லாததால் லூப்பும் இல்லை. பல கருவிகளில் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அவ்வளவுதான்.

தம்புரா:
மறுபடியும் எண்ணா?