சாவேஜ் 99, 250-3000: 14 இன்ச் ட்விஸ்ட் இருந்தா மானுக்கு ஆகாதா?

பழையஇரும்பு: "பழைய சாவேஜ் 99 ரைபிள்ல 14 இன்ச் ட்விஸ்ட், 100 கிரெயின் புல்லட் அதுல நிலைக்காம தள்ளாடும், மானுக்கு வேற துப்பாக்கி பாருங்க"ன்னு கூர்முனை நேத்து ஒருத்தருக்கு ஆலோசனை சொல்லியிருக்கார். படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. ட்விஸ்ட்னா குழலுக்குள்ள இருக்கிற சுருள் வரி ஒரு முழுச் சுத்து சுத்துற தூரம்; அந்தச் சுழற்சிதான் புல்லட்டை நேரா நிறுத்தும். கிரெயின்ங்கிறது புல்லட்டோட எடை அளவு. 250-3000 தோட்டாவை வடிவமைச்ச சார்லஸ் நியூட்டன் அதுக்கு நினைச்சதே 100 கிரெயின், நொடிக்கு 2800 அடி. நொடிக்கு 3000 அடிங்கிற எண்ணை விளம்பரத்துல போடணும்னு 1915-ல 87 கிரெயினா இறக்கினது சாவேஜ் கம்பெனி. குழல்வாயில ரெண்டுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1740 அடி-பவுண்டு. ட்விஸ்ட் பார்க்கிறது புல்லட்டோட நீளத்தை, எடையை இல்லை.

கூர்முனை: சரித்திரப் பாடம் முடிஞ்சுதா சார்? கணக்குக்கு வாங்க. ஒரு ட்விஸ்ட் எவ்வளவு நீளப் புல்லட்டைத் தாங்கும்னு சொல்ற கிரீன்ஹில் சூத்திரம்: மாறிலி 150 × புல்லட் விட்டம் 0.257 × 0.257 ÷ ட்விஸ்ட் 14 = 0.71 இன்ச். அந்த நீளத்துக்குள்ள அடங்குற 100 கிரெயின் புல்லட் ஒண்ணு காட்டுங்க. 14 இன்ச் 14 இன்ச்தான்.

பழையஇரும்பு: 150 மெதுவான வேகத்துக்கான எண். 2800 அடியை நெருங்கினா 180 போடுவாங்க, அப்போ 0.85 இன்ச். உங்க 150-ஐ வச்சா கம்பெனியோட முனை கூரான 87 கிரெயின் புல்லட்டுக்கே இடமில்லை. அது இத்தனை வருஷமா நேராத்தானே போகுது? தட்டை அடி, மழுங்கின முனை உள்ள 100 கிரெயின் இந்த 0.85-ஐ ஒட்டி நிக்கும். அடி குறுகின படகுவால் புல்லட்டும் முழுச் செம்பு புல்லட்டும் நீளம், அதுங்க வேண்டாம்.

மான்தடம்: 87 கிரெயினையே போட்டா என்னண்ணே?

பழையஇரும்பு: 87-ல பலது சின்னப் பிராணிக்குன்னு செஞ்ச மெல்லிய உறை, தம்பி. வெள்ளைவால் மானோட தோள் எலும்புல பட்டா மேலாகவே சிதறிடும், நுரையீரல் வரை போகாது. அதனாலதான் 100 கிரெயின்னு அடிச்சுச் சொல்றேன்.

கூர்முனை: அடிச்சுச் சொன்னா சுத்தும் போல. உறைபனிக் குளிர்ல காத்து அடர்த்தி கூடும், எல்லையில நிக்கிற புல்லட் அப்பதான் தள்ளாடும். மான் சீசன் கோடையிலயா வருது? 14 இன்ச்.

பழையஇரும்பு: 14, 14-ன்னு சொல்றவர் அந்த பேரலை அளந்தாரா? 1970-கள்ல 250-3000-க்குத் திரும்ப வந்த 99-கள்ல 10 இன்ச். பேரல் மாத்தின துப்பாக்கியும் உண்டு. கைப்பிடி தானா சுழல்ற கிளீனிங் ராட்ல இறுக்கமான துணி மாட்டி, குழல்வாய் வழியா தோட்டா அறைக்குச் சற்று முன்னாடி வரை உள்ள தள்ளுங்க. குழல்வாய் ஓரத்துல ராட் மேல டேப் ஒட்டி, அதன் உச்சியில ஒரு புள்ளி வைங்க. மெதுவா இழுங்க. புள்ளி ஒரு முழுச் சுத்து சுத்தி மறுபடி உச்சிக்கு வந்ததும், டேப் குழல்வாயிலிருந்து நகர்ந்த தூரம்தான் ட்விஸ்ட். துணி தளர்ந்தா வழுக்கி, நீளமான பொய் அளவு காட்டும், அதனால மூணு தடவை எடுக்கணும். அப்புறம் 100 கஜத்துல காகிதத்துல சுடுங்க. ஓட்டை வட்டமா இருக்கா, நீள்வட்டமா இருக்கா? நீள்வட்டம்னா புல்லட் தள்ளாடுது.

லீவர்பித்தன்: ட்விஸ்ட்டை விடுங்கப்பா. 99 வாங்குறவர் முதல்ல பார்க்க வேண்டியது ரிசீவரோட, அதாவது போல்ட் ஓடுற இரும்புக் கூட்டோட, பின்வால் பக்கம் மரக்கட்டையில விரிசல். அடுத்து, போல்ட் பின்னாடி பூட்டுறதால தோட்டாவோட பித்தளைக் கூடு (கேஸ்) நீளும். மறுபடி நிரப்புறவங்க கம்பி முனையை வளைச்சு கேஸுக்குள்ள விட்டு, அடிக்குச் சற்று மேல பள்ளம் தட்டுதான்னு பாருங்க. தட்டினா தூக்கிப் போடுங்க, அடுத்த தடவை கேஸ் ரெண்டா வரும். ஸ்கோப்புக்கு ஓட்டை போட்டிருந்தா நல்லது.

பழையஇரும்பு: நல்லதா? ஓட்டையில்லாம வந்த பழைய 99-ல துளை போட்டா சேகரிப்பு மதிப்பு போச்சு. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.

லீவர்பித்தன்: போன தடவையும் நான் சொன்னதுதான் சரி. வேட்டைக்கு வாங்குறவருக்கு மதிப்பு எதுக்கு? குறி தெரியணும்.

கூர்முனை: ஓட்டையைப் பத்தி ஒரு பத்தி ஓடுது. 100 கிரெயினுக்கு இன்னும் பதில் வரலை.

பழையஇரும்பு: வந்தாச்சு, மேல படிங்க. 180 போட்டா 0.85 இன்ச், மழுங்கின முனை. எத்தனை தடவை எழுதணும்?

கூர்முனை: எத்தனை தடவை எழுதினாலும் அது 14 இன்ச்.